எல்லை தாண்டிக் குடிபோனதில் வந்த வரிக் குழப்பம்: உதவி தேவை

உறவுகளே வணக்கம். வேலை இங்கிலாந்தின் கார்லைலில், ஒரு அரசுத் துறையில். வாடகை கட்டுபடியாகவில்லை, அதனால் போன செப்டம்பர் 10 அன்று பத்து மைல் தள்ளி கிரெட்னாவுக்குக் குடிபோனோம். நடுவில் சார்க் ஆறுதான் எல்லை. வாய்க்கால் மாதிரி இருக்கும். அதைத் தாண்டினால் ஸ்காட்லாந்து.

வேலை இங்கிலாந்தில்தானே, வரியும் அங்கேதான் என்று இருந்துவிட்டேன். ஜனவரி சம்பளச் சீட்டைப் பார்த்தால் வரிக் குறியீட்டின் முன்னால் புதிதாக ஒரு 'எஸ்', அதாவது ஸ்காட்லாந்து வரி. எங்கே வசிக்கிறோமோ அந்த ஊர் விகிதமாம். அதுவும் ஏப்ரல் 6 முதல் முழு ஆண்டுக்கும். பாதி அங்கே, பாதி இங்கே என்று பிரிக்க மாட்டார்களாம். அதிக நாள் எங்கே இருந்தோமோ அதுதான் கணக்கு.

பென்ஷன் பிடித்தம் போக எனக்கு ஆண்டுக்கு 48,000 பவுண்ட். இங்கிலாந்தில் 50,270 வரை 20%தான். இங்கே 43,662 தாண்டினாலே, தாண்டிய தொகைக்கு 42%. 2025-26க்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட 1,090 பவுண்ட் கூடுதல். இங்கே மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் கிடையாது என்பது ஆறுதல்தான், ஆனால் அவ்வளவு மாத்திரை யார் சாப்பிடுவது?

ஏப்ரலில் இருந்து கணக்கிட்ட பழைய பாக்கியை ஒரே மாதத்தில் பிடித்துவிட்டார்கள். அதைத் தவணையாக மாற்றச் சொல்லி யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்புறம், கூடுதலாக பென்ஷனில் போட்டு வரிக் கணக்கில் வரும் வருமானத்தை 43,662க்குக் கீழே இறக்கியவர்கள் இருந்தால், எந்த மாதம் தொடங்கினீர்கள், சம்பளப் பிரிவில் என்ன படிவம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். இன்பாக்ஸிலும் வரலாம்.