ப்ளஸ் டூல வொகேஷனல் குரூப் (தொழிற்கல்வி) படிச்சவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நான் 1992-94 பேட்ச், கோயம்புத்தூர் பக்கம் ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல ஜெனரல் மெஷினிஸ்ட். பத்தாவதுல 268 மார்க், ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க, எங்கப்பா "சரி, கைத்தொழிலாவது கத்துக்கட்டும்"னு கையெழுத்து போட்டுட்டு மில்லுக்கு கிளம்பிட்டாரு.

மொத மூணு மாசம் வெறும் ஃபைலிங்தாங்க, அதாவது அரத்தால இரும்ப தேய்க்கிறது. ஒரு இரும்புத் துண்ட வைஸ்ல (பிடிப்பான்ல) கட்டிட்டு ராவிக்கிட்டே இருக்கணும், உள்ளங்கை கொப்பளிச்சு உடைஞ்சு காய்ச்சுப் போயிரும். கொண்டுபோய் குடுத்தா சார் ட்ரை ஸ்கொயர (மூலைமட்டத்த) அதுமேல வச்சு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாப்பாரு, நடுவுல கீத்தா வெளிச்சம் தெரிஞ்சா ஒண்ணும் பேசாம துண்ட திருப்பி கைல குடுத்துருவாரு. எனக்கு அந்த வெளிச்சம் தெரியாம ஆக ஒன்பது நாள் ஆச்சு. அன்னிக்குத்தான் லேத் (கடைசல் மெஷின்) பக்கத்துல நிக்க விட்டாரு. அவருக்கு அப்ப பார்ட் டைம் சம்பளம்தான், ஆனா எங்களுக்கு முன்னாடி வந்து லேத்தோட பெட்ட துடைச்சு ஆயில் போட்டு வச்சிருப்பாரு.

இந்த குரூப் எப்படி வந்துச்சுன்னு பின்னாடிதான் தேடிப் படிச்சேன். எல்லாரும் டிகிரிக்கே ஓடாம ஒரு பகுதி பசங்க தொழில் படிப்புக்கு போகணும்னு 1964-66 கோத்தாரி கமிஷன்லயே சொல்லிருக்காங்க. நம்ம ஸ்டேட்ல 1978ல காலேஜ்ல இருந்த பி.யு.சி. போய் ப்ளஸ் டூ ஸ்கூலுக்குள்ள வந்தப்ப கூடவே வொகேஷனலும் வந்துச்சு. அதே வருஷம்தான் நம்ம வேலூர்க்காரர் மால்கம் ஆதிசேசய்யா தலைமைல தேசிய கமிட்டி ரிப்போர்ட் குடுத்துச்சு, ப்ளஸ் டூல தொழில் படிப்ப எப்படி கொண்டு வரணும்னுதான் அதுல முக்கியமா பேசிருக்காங்க. 1986 கல்விக் கொள்கைல 1990க்குள்ள 10 சதவீதம், 1995க்குள்ள 25 சதவீதம் பசங்க இதுல இருக்கணும்னு போட்டாங்க. படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சுங்க. இவ்ளோ பெருசா யோசிச்சு ஆரம்பிச்ச குரூப்ப எங்க ஸ்கூல்ல "மார்க் இல்லாதவன் குரூப்"னுதான் கூப்பிட்டாங்க.

முடிச்சதும் தரமணி அப்ரண்டீஸ் போர்டு வழியா ஒரு பம்ப் கம்பெனில ஒரு வருஷம் ட்ரெய்னிங், ஸ்டைபண்டோட. 1986ல அப்ரண்டீஸ் சட்டத்த திருத்தி வொகேஷனல் பசங்களையும் சேத்ததாலதான் எனக்கு அந்த வழி இருந்துச்சு. இப்ப கணபதில சொந்தமா லேத் பட்டறை, ஆறு பேர் வேலை பாக்குறாங்க. புதுசா வர்ற பையனுக்கு இன்னிக்கும் மொதல்ல ஃபைல்தான் குடுக்குறேன்.

*

அண்ணே, நான் மதுரை பக்கம், வொகேஷனல்ல நர்சிங். பிராக்டிகலுக்கு ஜி.ஹெச்.க்கு கூட்டிட்டு போவாங்க. மொத நாளே ஒரு பாட்டிய படுக்கைல இருந்து இறக்காமலே பெட்ஷீட் மாத்தச் சொன்னாங்க, ஒருபக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு பழச சுருட்டி முதுகோட ஒட்டி வச்சுட்டு புதுச விரிக்கணும், எனக்கு கையெல்லாம் நடுங்குச்சு, அந்தப் பாட்டிதான் "பயப்படாத தாயி, இழு"ன்னுச்சு. எங்கம்மா கடைசி ரெண்டு வருஷம் படுக்கையா கிடந்தப்ப ஒரு புண்ணு கூட வர விடல நான். அந்தப் படிப்பு எனக்கு குடுத்தது அது.

*

மேல எழுதுன கோயம்புத்தூர்க்காரன்தான். தங்கச்சி, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சும்மா.

போன வருஷம் எங்க ஸ்கூலுக்கு போயிருந்தேன். சார் ரிட்டயர் ஆனதும் அந்த போஸ்ட்டுக்கு ஆள் போடல, குரூப்பயே எடுத்துட்டாங்க, லேத் மேல பழைய பெஞ்ச அடுக்கி வச்சிருக்காங்க. 2018க்கு அப்புறம் பாடத்த புதுசாக்கி அடிப்படை இயந்திரவியல்னு பேர் மாத்தி நல்ல புக்கு போட்டிருக்காங்க, ஆனா சொல்லித்தர ஆள் வேணுமே.

ஒருத்தர் இன்பாக்ஸ்ல பையன சேக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா சேருங்க. முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம், இன்ஜினியரிங் கவுன்சிலிங்லயும் வொகேஷனலுக்குன்னு தனியா சீட் இருக்கு. அட்மிஷனுக்கு முன்னாடி அந்த குரூப்புக்கு டீச்சர் இருக்காரான்னு கேட்டுக்குங்க, ஒர்க் ஷாப்ப திறந்து காட்டச் சொல்லுங்க.