புயலன்று கடல் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

தெற்குவாடி:
புரெவிப் புயல், 2020 டிசம்பர். கூண்டு ஏற்றியது, கடலுக்குப் போகிற டோக்கன் நிறுத்தியது எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். வாடை வலுத்ததும் எங்கள் பாம்பன் தென்கடலில் தண்ணீர் வற்றி, எங்கள் சின்னப் படகு, வத்தை, சேற்றில் தட்டி உட்கார்ந்துவிட்டது. "கயித்த நீளமா விடுடா" என்றார் அப்பா. தரையில் கிடக்கிற படகு எங்கே போகப்போகிறது என்று குட்டையாக இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் ராத்திரி காற்று திரும்பியது. பெரிய அலை எதுவும் வரவில்லை, தண்ணீர் சத்தமில்லாமல் ஊறி ஏறியது. டார்ச் அடித்துப் பார்த்தால் நங்கூரக் கயிறு படகின் முன்பக்க அணியத்தைக் கீழே பிடித்துவைத்திருக்கிறது, பின்பக்கம் மட்டும் மேலே மிதக்கிறது. ஒவ்வொரு அலைக்கும் அணியம் ஒரு வாய் தண்ணீர் குடித்தது. கத்தி எடுக்க வீட்டுக்கு ஓடினேன். வருவதற்குள் முடிந்துவிட்டது. விறைத்து நின்ற அந்தக் கயிறுதான் இன்னமும் கண்ணில் நிற்கிறது.

ஓலைக்குடா:
வற்றியது என்று பொதுவாக எழுதாதீர்கள் தம்பி. வாடை அடித்த அன்றே எங்கள் வடகடல் பக்கம் தண்ணீர் வலைக்கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டது. அது அமைதியான பெண்கடலாம்! நனைந்த வலையை மூன்று நாள் உலர்த்தினோம்.

ஓய்வு வாத்தியார்:
இரண்டு பேர் சொல்வதும் சரி, சண்டை வேண்டாம். என் அனுபவம் சின்னது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது தேவிபட்டினத்தில் இருந்தேன். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசியதால் கடல் உள்வாங்கி நின்றது, அவ்வளவுதான்.

அப்புறம், இதைக் கவனியுங்கள். புயல் கிழக்கே இருக்கும்போது நமக்கு வாடை. அது வடகடலான பாக் விரிகுடாத் தண்ணீரை ராமேசுவரம் தீவின் வடகரையில் கொண்டுவந்து குவிக்கும், தென்கரையில் இறக்கும். புரெவி வலுவிழந்து நம்மைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றதும் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசியது, கணக்கும் தலைகீழானது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரைத் தள்ளும் விசை நாலு மடங்கு. ஆழக்கடல் என்றால் தள்ளிய தண்ணீர் அடிவழியாகத் திரும்பிவிடும். பாக் விரிகுடாவில் பல இடங்களில் 10 மீட்டர் ஆழம்கூடக் கிடையாது, எங்கே போகும்? காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறுவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். நம் பக்கம் வேலையைக் காட்டுவது காற்று. ஆகவே தண்ணீர் வற்றினால் கயிறை நீளமாக விடுங்கள், இரண்டு நங்கூரம் போடுங்கள், எஞ்சினைக் கழற்றி மேட்டில் வையுங்கள், கடல் நிலை சொல்லும் அரசு மையமான இன்காய்ஸின் அறிவிப்பைத் தினமும் பாருங்கள். கடல் சூடாகச் சூடாகப் புயலுக்கு வலு கூடுகிறது. கடல்மட்டமும் 1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்குச் சராசரி 3.3 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது.

ஓலைக்குடா:
மூணு மில்லிமீட்டருக்கா இவ்வளவு பேச்சு?

ஓய்வு வாத்தியார்:
கூட்டிப் பாருங்கள், எட்டு சென்டிமீட்டர் வருகிறது. உங்கள் கொட்டகை வாசற்படி எவ்வளவு உயரம்?

முகுந்தராயர் சத்திரம்:
என் பாட்டி தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22 ராத்திரி. ரயில் போனது, ஊர் போனது எல்லாரும் சொல்வார்கள். பாட்டி ஒன்றே ஒன்றுதான் சொல்லும்: "வெளக்கு அணையறதுக்கு முன்னாடியே கால் நனைஞ்சிருச்சு." அதற்குமேல் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடும்.

தெற்குவாடி:
ஓலைக்குடா அண்ணே, உங்கள் பக்கம் ஏறியதை அன்றைக்கே யாராவது போனில் சொல்லியிருந்தால் நானும் யோசித்திருப்பேன். சார், கயிறை நீளமாக விடச் சொல்லி அப்பாவே சொன்னார், அதைத்தானே எழுதினேன்! எஞ்சின் இன்னும் திண்ணையில் உப்புப் பூத்துக் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், அப்பா தரமாட்டேன் என்கிறார்.