மலையில் நன்றாக வரும் விடியல் படம் கடற்கரையில் ஏன் கெட்டுப்போகிறது?

பண்டாரவளையிலிருந்து ஒருவர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஹப்புத்தளைப் பக்கத்தில் விடியற்காலைப் படங்கள் எடுத்து வருகிறேன். தம்பேதன்னைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, லிப்டன் சீட் என்ற காட்சிமுனையில் நின்று, பள்ளத்தாக்கில் மூடுபனி படுத்துக் கிடக்கும்போது எடுத்த படங்கள் சில எனக்கு முழு மனநிறைவைத் தந்திருக்கின்றன. சித்திரை விடுமுறைக்குக் குடும்பத்தோடு அறுகம்குடாவுக்குப் போயிருந்தபோது, கடலில் சூரியன் உதிப்பதை முதன்முறையாகப் படம்பிடிக்க இரண்டு நாள் முயன்றேன்; ஒரு படமும் தேறவில்லை. சூரியன் இருந்த இடம் காகிதத்தில் ஓட்டை விழுந்ததுபோல வெறும் வெள்ளையாகவும், மணலும் வள்ளங்களும் கரிக்கட்டையாகவும் வந்துள்ளன. நான் கரைக்குப் போனபோது மணி 5.50. ட்ரைபொட்டை விரித்துக் கமெராவைப் பூட்டுவதற்குள் சூரியன் மேலே வந்துவிட்டது. மலையில் வைக்கும் அதே ஐ.எஸ்.ஓ 100 (கமெராவின் ஒளியுணர்வு), எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) அமைப்பைத்தான் இங்கும் வைத்தேன். கையில் இருப்பது தொலைவை அதிகம் கிட்டக் காட்டாத 18–55 மி.மீ. லென்ஸ். ஆகஸ்ட் நடுப்பகுதியில் மறுபடியும் போகவிருக்கிறோம். எதை மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லிந்துலையிலிருந்து ஒருவர்:

தம்பி, வேலை காரணமாக அறுகம்குடாவுக்குப் பக்கத்துப் பொத்துவிலில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அமைப்புகளில் பெரிய பிழை இல்லை, பிழை நீங்கள் போன நேரத்தில் இருக்கிறது. நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறாமல் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக எழும்புகிறது. அதன் முழு வட்டமும் தொடுவானத்தைத் தாண்டுவதற்கு இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். கிழக்குக் கரையில் ஆகஸ்ட் நடுப்பகுதியில் சூரியன் 5.55 அளவில் உதிக்கும் என்பதால், 5.15க்கே மணலில் நின்றுவிடுங்கள். உதயத்துக்கு முந்திய அந்த அரை மணி நேரத்தில் வானம் கருநீலத்திலிருந்து செம்மைக்கு மாறுவதுதான் கடற்கரை விடியலின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். சூரியன் வந்த பிறகு எடுக்கும் படங்களை நான் இரண்டாம் பட்சமாகவே கருதுகிறேன்.

மலையில் உங்களுக்குக் கைகொடுத்தது மூடுபனி. அது சூரிய ஒளியைச் சிதறடித்து நிழல்களுக்குள்ளும் பரப்புவதால், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளி குறைந்து கமெராவால் இரண்டையும் பிடிக்க முடிகிறது. கடலில் காற்று தெளிந்திருக்கும் நாளில் அந்தத் திரை இல்லை. ஆகவே சூரியன் தெரியத் தொடங்கியதும், சட்டகத்தில் சூரியன் விழாதபடி பக்கத்து வானத்தை நோக்கி ஒளியை அளந்து, அந்த அளவைப் பூட்டிக்கொண்டு, பிறகு படத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்காக மட்டும் சேமிக்காமல் ரோ கோப்பாகவும் (கமெரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) சேமித்தால், கறுத்துப்போன மணலில் ஓரளவையாவது பின்னர் மீட்கலாம்.

இன்னொன்று, 18–55 லென்ஸில் சூரியனையே படத்தின் நாயகனாக்க முயலாதீர்கள். 55இல் வைத்தாலும் சென்சரில் (கமெராவுக்குள் ஒளியைப் பதியும் தகட்டில்) அதன் உருவம் அரை மில்லிமீற்றர்தான். அதற்குப் பதிலாக ஈர மணலைப் பாருங்கள். அலை பின்வாங்கியதும் மணல்மேல் கண்ணாடிபோல ஒரு மெல்லிய நீர்ப்படலம் தங்கி, இரண்டு மூன்று விநாடிகளுக்கு வானத்தின் நிறம் முழுவதையும் வாங்கி வைத்திருக்கும். பிறகு மணல் அதை உறிஞ்சிவிடும். ட்ரைபொட்டை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, அலை திரும்பத் தொடங்கும் கணத்தில் ஷட்டர் அரை விநாடி திறந்திருக்கும்படி வைத்தால், நீர் வடிந்தோடும் வெள்ளைக் கோடுகள் கடலை நோக்கி இழுத்துச் செல்வதுபோல விழும். அதற்கு அந்த வெளிச்சத்தில் எஃப் 11 அல்லது 16 தேவைப்படலாம். ட்ரைபொட்டின் கால்களை முதலிலேயே பலமாக அழுத்தி மணலுக்குள் இறக்கிவிடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் வைத்த முதல் நாளில், ஒவ்வோர் அலைக்கும் ஒரு கால் சிறிது சிறிதாகப் புதைந்து, அன்று எடுத்த அத்தனை படங்களிலும் தொடுவானம் சரிந்திருந்தது.

நுவரெலியாவிலிருந்து ஒருவர்:

மேலே சொன்னவற்றோடு ஒரு சிறு குறிப்பு. குளிரூட்டிய அறையிலிருந்து கமெராவை நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டு லென்ஸ் உடனே வியர்த்துவிடும். இரவே அதை அறைக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில், பையோடு வைத்திருங்கள். லென்ஸில் உப்புத் திவலை படிந்தால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும்; முதலில் ஊதுகுமிழால் ஊதிவிட்டு, சிறிது ஈரமான துணியால் ஒற்றி எடுங்கள். ட்ரைபொட்டை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

பதுளையிலிருந்து ஒரு சகோதரி:

ஆகஸ்ட் நல்ல தெரிவு. தென்மேல் பருவக்காற்றின் மழையை நமது மலைகள் மேற்குப் புறத்திலேயே இறக்கிவிடுவதால், மலைகளைக் கடந்து வரும் அந்தக் கச்சான் (தென்மேற்குக்) காற்று வறண்டதாகவே கிழக்குக் கரையை அடைகிறது. மார்கழி, தை மாதங்களில் போனால் வாடைக்காற்றோடு மழை வந்துவிடும். நீங்கள் போகும் ஆகஸ்ட் நடுப்பகுதியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 14 பாகை வடக்கே தள்ளி உதிக்கும் என்பதையும் நினைவில் வைத்து, முதல் நாள் மாலையிலேயே கரையில் நடந்து, எந்த வள்ளம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெல்லவாய, மொனராகலை வழியாகப் போகிறவர்கள் லாகுகலைக் காட்டுப் பகுதியை இருட்டுவதற்கு முன் கடந்துவிட வேண்டும். வீதியில் யானைகள் நிற்கும். விடியலுக்குப் போய்ச் சேரலாம் என்று நள்ளிரவில் புறப்படுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கரைவலை இழுப்பவர்களைப் படம் எடுப்பதானால், முதலில் கிட்டப் போய்க் கேளுங்கள். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் நம் பெண்களை, வீதியில் வாகனத்தை நிறுத்திவிட்டு, ஒரு சொல் பேசாமல் படமெடுத்துப் போகிறவர்களைப் பார்த்து நாம் எவ்வளவு வருந்துகிறோமோ, அதே வருத்தம் அவர்களுக்கும் உண்டு.

பண்டாரவளையிலிருந்து (மறுபடியும்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் பிள்ளைகளுக்காகப் பாசிக்குடாவுக்குப் போகலாம் என்கிறார்கள். அங்கும் அந்த அலைக்கோடுகள் கிடைக்குமா?

லிந்துலையிலிருந்து:

பாசிக்குடாவில் நீர் நெடுந்தூரத்துக்கு ஆழமற்று, அசைவின்றிக் கிடக்கும் என்பதால் அலைக்கோடுகளை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வானத்தின் பிரதிபலிப்பு குளத்தில் விழுவதுபோல விழும். பிள்ளைகளுக்கும் அதுவே பாதுகாப்பு. ஒரு நாள் காலையில் மட்டும் பக்கத்திலுள்ள கல்குடாக் கரைக்கு நடந்து போய்வாருங்கள், அங்கே திறந்த கடல். சூரியன் தெரியத் தொடங்கிய பின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்து அதை நேரே பார்க்காமல், பின்திரையில் பார்த்தே படம் எடுங்கள்.