மாந்தோப்புக் கவாத்துக்குப் பேட்டரி மேல்பிடி செயின்சா: பெட்ரோலை விட்டு மாறலாமா?

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:
எங்கள் தோப்பில் பெங்களூராவும் நீலமும் கலந்து நிற்கின்றன. அறுவடை முடிந்து ஆடியில் கவாத்துக்கு ஆள் இறக்கும்போது, மரத்தின் நடுவில் வெயில் விழும்படி உள்கிளைகளை எடுப்பதே முக்கிய வேலை. அவை கைப்பருமனிலிருந்து தொடைப்பருமன் வரை இருக்கும். இதுவரை பெட்ரோல் செயின்சாதான். மரத்தின் மேல் நின்றுகொண்டு ஒவ்வொரு முறையும் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்புவதும், அந்தச் சிரமத்துக்கு அஞ்சி அதை அணைக்காமலே இடுப்பில் தொங்கவிட்டபடி அடுத்த கவைக்கு நகர்வதும் ஆபத்து என்பதால், இந்த ஆண்டு பேட்டரியில் ஓடும் மேல்பிடி செயின்சாவுக்கு, அதாவது மரம் ஏறுபவருக்கென்று பிடியை மேலே வைத்த செயின்சாவுக்கு, மாறலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஸ்டில் எம்.எஸ்.ஏ. 161 டி, எம்.எஸ்.ஏ. 220 டி, ஹஸ்க்வர்னா டி540ஐ எக்ஸ்பி ஆகிய மூன்றில் ஒன்றை வாங்க எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

பென்னாகரம் மரக்கழிப்பு:
காரணத்தைக் கணக்காகவே வைக்கிறேன், ஐயா. பேட்டரி என்றால் எடை குறைவு என்று பலரும் நம்புகிறார்கள். எம்.எஸ்.ஏ. 220 டி பேட்டரி, பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), செயின் எதுவும் இல்லாமல் 2.6 கிலோ, ஏ.பி. 300 எஸ் பேட்டரியைச் செருகினால் ஏறத்தாழ 4.4 கிலோ. பெட்ரோலில் ஓடும் எம்.எஸ். 201 டி, பாரும் செயினும் நீங்கலாக 3.7 கிலோதான், அதன் டாங்க்கை நிரப்பினாலும் கால் கிலோவுக்கு மேல் கூடாது.

அடுத்தது ஆற்றல். ஹஸ்க்வர்னாவின் பி.எல்.ஐ. 300 பேட்டரி 36 வோல்ட், 9.4 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 338 வாட்-மணி வருகிறது. எம்.எஸ். 201 டி-யின் திறன் 1.8 கிலோவாட். அதே திறனை அந்தப் பேட்டரியிலிருந்து விடாமல் எடுத்தால் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பெட்ரோல் தீர்ந்தால் கேனைச் சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம். பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

ஓசூர் கயிறேறி:
எடைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், மூன்றிலும் கனமானதை எடுத்து அதிலும் பெரிய பேட்டரியைச் செருகி நிறுத்திருக்கிறீர்கள். எம்.எஸ்.ஏ. 161 டி 2.1 கிலோதான், அதில் சிறிய பேட்டரியைப் போட்டால் நீங்கள் சொல்லும் பெட்ரோல் செயின்சாவைவிடக் கனம் குறைவு.

11 நிமிடம் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். மரத்தின் மேல் செயின் ஓடும் நேரம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். கயிற்றை மாற்றிக் கட்டுவது, நிற்க இடம் பார்ப்பது, வெட்டும் கிளையைக் கட்டிக் கீழே இறக்குவது என்று நேரமெல்லாம் அதிலேயே போகிறது. ஒரு மாங்கிளையை அறுக்க 6 விநாடி என்று வைத்தால்கூட, அந்த 11 நிமிடம் 110 வெட்டுகளுக்குப் போதும். பெட்ரோல் எஞ்சினோ வெட்டுகளுக்கு இடையிலும் சும்மா உறுமிக்கொண்டு எண்ணெய் கலந்த பெட்ரோலை எரிக்கிறது. அந்தப் புகையை முகத்துக்கு நேராக வாங்குபவர் ஏறியவர்தான். கீழே நிற்பவருக்கு அது தெரிவதில்லை.

பென்னாகரம் மரக்கழிப்பு:
மாவுக்கு உங்கள் கணக்கு பொருந்தலாம். என் பிழைப்பு பெரும்பாலும் புளியமரத்தில். புளி உலுக்கி முடிந்த பிறகு, பங்குனி, சித்திரை வெயிலில் கிளை கழிக்கக் கூப்பிடுகிறார்கள். வைரம் பாய்ந்த புளியங்கிளையில் பார் முழுவதும் புதைந்து அறுக்கும்போது 6 விநாடிக் கணக்கு நிற்காது. மோட்டாரும் பேட்டரியும் சூடேறும். சூடேறிய லித்தியம் பேட்டரியைச் சார்ஜரில் வைத்தால், அது ஆறும் வரை சார்ஜர் காத்திருக்கும். நிழலிலேயே அனல் அடிக்கும் நாளில் அது எப்போது ஆறும்? இரண்டு பேட்டரி, மூன்று பேட்டரி என்று வாங்கிச் சேர்த்தால் அந்த விலையில் இன்னொரு பெட்ரோல் செயின்சாவே வாங்கிவிடலாம்.

அரூர் பயிற்சியாளர்:
இருவரும் எடையையும் நேரத்தையும் பேசுகிறீர்கள்; கையைப் பற்றி யாரும் பேசவில்லை. மேல்பிடி செயின்சாவில் பிடி உடலின் மேலேயே இருப்பதால், ஒரு கையால் தூக்கி அறுக்க எவருக்கும் ஆசை வரும். பயிற்சி பெற்று மரம் ஏறுபவர்களுக்கு மட்டுமே இது உரியது என்றும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்றும் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பாரின் நுனியின் மேற்பகுதி கிளையில் பட்டால் செயின்சா முகத்தை நோக்கி எகிறும்; ஒரு கையில் அதைத் தடுக்க முடியாது. பேட்டரி செயின்சா இலேசாகவும் சத்தமின்றியும் இருப்பதால் இந்தத் தவறு குறையாது, கூடும்.

சத்தமின்மைக்கு வேறொரு விலையும் உண்டு. எஞ்சின் உறுமினால், மேலே அறுக்கிறார்கள் என்று கீழே கயிறு பிடிப்பவர் ஒதுங்குவார். பேட்டரியில் அந்த எச்சரிக்கை கிடையாது. ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் குரல் கொடுக்கும் பழக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும்.

வெட்டுக்காப்புக் கால்சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் நார்கள் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பற்சக்கரம்) சிக்கிச் செயினை நிறுத்துவதால்தான் கால் தப்புகிறது. முதல் வகுப்புக் கால்சட்டை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்துக்கும், இரண்டாம் வகுப்பு 24 மீட்டருக்கும் சோதிக்கப்படுவது. டி540ஐ எக்ஸ்பி-யின் செயின் 24 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மின் மோட்டாருக்குக் குறைந்த வேகத்திலும் முறுக்குவிசை அதிகம். ஆகவே, பெட்ரோலுக்கு வாங்கிய கால்சட்டை இதற்கும் அதே அளவு காக்கும் என்று எண்ண வேண்டாம். பேட்டரிதானே என்று மின்கம்பிக்கு அருகில் துணிவதும் கூடாது. இந்தச் செயின்சாக்கள் மின்காப்பு செய்யப்பட்டவை அல்ல.

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:
குரல் கொடுக்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை என்பது உண்மைதான். அதை மாற்றியே தீர வேண்டும். ஆனாலும், அணைந்திருக்கும் செயின்சாவோடு ஒருவர் கவை விட்டுக் கவை நகர்வதற்கும், ஓடும் எஞ்சினோடு நகர்வதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் யாரும் மறுக்கவில்லை. ஆடி மாதத்தில் பென்னாகரத்து ஐயா சொல்லும் அனலும் இராது. தோப்பில் மோட்டார் கொட்டகை இருப்பதால் சார்ஜ் ஏற்றவும் வழி உண்டு. 161 டி-யை எடுத்தால் செயின், அரம் போன்றவை இங்கே கிடைக்குமா என்பதே இப்போது என் கேள்வி.

ஓசூர் கயிறேறி:
161 டி-யின் செயின் கால் அங்குலப் பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு). பற்கள் சிறியவை, அதற்கு 3.2 மில்லிமீட்டர் உருட்டு அரம் வேண்டும். 220 டி-யின் செயின் எட்டில் மூன்று அங்குலம், 4 மில்லிமீட்டர் அரம். சிறிய பல் மாங்கிளையில் வெட்டுமுகத்தை வழவழப்பாக விடும். அதன்மேல் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு) பூசுவதும் எளிது. தொடைப்பருமன் கிளைகள் நிறைய இருந்தால் 220 டி-யைப் பாருங்கள், இல்லையேல் 161 டி போதும்.

பென்னாகரம் மரக்கழிப்பு:
புளிக்கு நான் பெட்ரோலைத்தான் தூக்குவேன், அதில் மாற்றமில்லை. தோப்புக்காரருக்கு ஒன்று மட்டும். மழுங்கிய செயின் பெட்ரோல் செயின்சாவில் நேரத்தைத்தான் தின்னும், பேட்டரியில் சார்ஜையே தின்றுவிடும். அரத்தை வீட்டில் வைக்காமல் ஏறுபவரின் பையிலேயே போட்டு அனுப்புங்கள். செயின் எண்ணெய் இரண்டுக்கும் ஒன்றுதான், அதை மறந்துவிட வேண்டாம்.