சிக்மாவிலிருந்து மகளுக்கு அழைப்பு: சேர்ந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஒஹையோ, டயாலிசிஸ் யூனிட்

எல்லோருக்கும் வணக்கம். நானும் நர்ஸ்தான். திருநெல்வேலியில் படித்து, சவூதியில் ஆறு வருஷம், இங்கே பதினோரு வருஷம். மகள் இப்போது பி.எஸ்.என்., அதாவது நர்சிங் இளங்கலை, மூன்றாம் வருஷம். போன வாரம் சிக்மா தீட்டா டௌ என்ற நர்சிங் கௌரவச் சங்கத்திலிருந்து அவளுக்கு மெயில் வந்தது. உங்களை உறுப்பினராக அழைக்கிறோம் என்று மேலே எழுதி, கீழே கட்டணம் கட்ட ஒரு லிங்க் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கென்று ஒரு ஏஜென்டிடம் பணம் கட்டி ஏமாந்தவள் நான், அதனால் காசு கேட்கிற மெயில் என்றாலே கை நடுங்குகிறது. அவளோ கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் சேர்கிறார்கள் என்கிறாள். நம் ஆட்கள் யாராவது சேர்ந்திருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இண்டியானாபொலிஸ், ஐ.சி.யூ.

அக்கா, சிக்மா உண்மையான சங்கம்தான், பயப்படாதீர்கள். ஆனாலும் லிங்கைத் தொடுவதற்கு முன்னால், கல்லூரியில் சிக்மா கிளையைப் பார்த்துக்கொள்கிற பேராசிரியர் யார் என்று விசாரித்து அவரிடம் நேரில் கேட்கச் சொல்லுங்கள். கௌரவச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு கிடைத்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டுக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்மாவில் மாணவர்கள் சேர அளவுகோல் உண்டு: பி.எஸ்.என். பாடத்தில் பாதியாவது முடித்திருக்க வேண்டும், ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி 3.0க்குக் குறையக் கூடாது, வகுப்பில் முதல் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் மகள் உழைத்து வாங்கிய இடம் அது, முதலில் அவளைக் கட்டிப்பிடித்து ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள்.

நான் எம்.எஸ்.என்., அதாவது நர்சிங் முதுகலை, படிக்கும்போது சேர்ந்தேன். இந்தச் சங்கம் 1922-இல் இதே ஊரில்தான் பிறந்தது, இண்டியானா பல்கலைக்கழக நர்சிங் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாணவிகள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அன்பு, துணிவு, மதிப்பு என்ற மூன்று கிரேக்கச் சொற்களின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். சங்கத்துச் சின்னத்தில் இருக்கிற ஆறு நட்சத்திரங்களும் அந்த ஆறு பேருக்காக. நர்ஸ் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்கிறவள், அவ்வளவுதான் என்று நினைத்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில், 1936-இலேயே, ஒரு நர்ஸின் ஆராய்ச்சிக்கு 600 டாலர் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சேர்ப்பு விழாவில் இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். பட்டமளிப்பு அன்றைக்குக் கழுத்தில் போட்டுக்கொள்ள ஊதாவும் வெள்ளையுமான ஒரு கயிறு உண்டு, அதை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

அப்புறம் ஒரு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை. மெயில் வரும், படிக்காமல் விடுவேன். ஒரு நாள் எங்கள் கிளையில், எழுத விரும்புகிற நர்ஸ்களுக்கு மூத்தவர்கள் வழிகாட்டுவார்கள் என்று அறிவித்திருந்தார்கள், ஏதோ தோன்றிப் பெயர் கொடுத்தேன். எனக்குக் கிடைத்தவர் முப்பது வருஷத்துக்கு மேல் ஐ.சி.யூ.வில் இருந்த அம்மா. எங்கள் யூனிட்டில் பைபாப் மாஸ்க் (மூச்சுவிட உதவ முகத்தில் இறுக்கிக் கட்டுவது) போட்டிருக்கிற நோயாளிகளுக்கு இரண்டாம் நாளே மூக்குத் தண்டு சிவந்துவிடும், கொஞ்சம் அசந்தால் புண்ணாகிவிடும். நான் ஃபோம் டிரெஸ்ஸிங்கைச் சின்னதாக வெட்டி மாஸ்குக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் இதைச் சொன்னபோது எத்தனை பேருக்கு என்று கேட்டார். நிறையப் பேருக்கு என்றேன். "நிறைய என்பது எண் இல்லையே அம்மா" என்றார், அதுவும் அவ்வளவு கனிவாக. அன்றிலிருந்து தேதி, எத்தனை மணி நேரம் மாஸ்க், தோல் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

நைட் டியூட்டி முடிந்து காலை ஏழரைக்கு கேன்டீனில் உட்காருவோம். சிவப்புப் பேனாவோடு வருவார். நான் நினைக்கிறேன், எனக்குத் தோன்றுகிறது என்று எழுதின இடத்தையெல்லாம் சுழித்துவிட்டு, "இங்கே என்ன பார்த்தாய்?" என்று மட்டும் பக்கத்தில் எழுதுவார். நான்கு மாதம் இப்படிப் போனது. கடைசியில் எழுதியதைக் கிளைக் கூட்டத்தில் போஸ்டராக வைத்தேன், எங்கள் மேனேஜரும் வந்து நின்று படித்தார். இப்போது எங்கள் யூனிட்டில் மாஸ்க் இருக்கிற டிராயரைத் திறந்தால் வெட்டித் தயாராக வைத்த ஃபோம் துண்டுகளும் கூடவே இருக்கும். சங்கம் எனக்குக் கொடுத்தது அந்த அம்மாவைத்தான், கயிறும் சான்றிதழும் அதற்கு அப்புறம்தான். மகள் சேரட்டும், ஆனால் சேர்ந்த கையோடு வழிகாட்டி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

டெக்சஸ், பிரசவ வார்டு

என் அனுபவம் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த கிளையில் சேர்ப்பு விழா நன்றாக நடந்தது, அதோடு சரி. கூட்டம் எப்போது என்று இரண்டு முறை மெயில் போட்டும் பதில் இல்லை. வருஷச் சந்தாவை இரண்டு தடவை கட்டிவிட்டு விட்டுவிட்டேன். சங்கத்தைக் குறை சொல்லவில்லை, கிளைக்குக் கிளை மாறுகிறது. பணம் கட்டும் முன் கிளையில் கடைசியாக எப்போது கூடினார்கள், உதவித்தொகை யாருக்காவது கொடுத்தார்களா என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டது அதுதான்.

மதுரை, நர்சிங் ட்யூட்டர்

நான் சிக்மாவில் இல்லை. ஆனால் இண்டியானாபொலிஸ் தங்கை எழுதியதைப் படித்ததும் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது. நமக்கு இந்திய பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908-இலிருந்து இருக்கிறது, அதன் மாணவர் பிரிவான எஸ்.என்.ஏ. 1929-இல் தொடங்கியபோது முதல் கிளை மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில்தான். இவ்வளவு வரலாறு இருந்தும், நான் படித்த கல்லூரியில் எஸ்.என்.ஏ. என்றால் கோலப் போட்டியும் ஃப்ரெஷர்ஸ் டேயும் மட்டும்தான். அது இன்றும் எனக்கு ஆற்றாமை. ஒரு மாணவிக்குக் கட்டுரை எழுதவோ, நாலு பேர் முன்னால் நின்று கேஸ் சொல்லவோ அங்கே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வேலையில் சேர்ந்த பிறகு கிடைத்த அந்த சிஸ்டர்தான். முதல் மாதம் ஒரு நோயாளிக்கு ஊசி மருந்தை ஒரு மணி நேரம் தாமதமாகப் போட்டுவிட்டு, கேஸ் ஷீட்டில் போட்டிருக்க வேண்டிய நேரத்தை எழுதப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "போட்ட நேரத்தை எழுது. நான் கூட நிற்கிறேன், டாக்டரிடம் சேர்ந்தே சொல்வோம்" என்றார். சொன்னபடி நின்றார். குத்துவிளக்கை ஏற்றி உறுதிமொழி எடுத்த அன்று எனக்குப் புரியாததெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் புரிந்தது.

இப்போது எங்கள் கல்லூரியில் எஸ்.என்.ஏ. பொறுப்பு என்னிடம். மாதம் ஒரு சனிக்கிழமை நான்காம் வருஷப் பிள்ளைகள் இரண்டாம் வருஷப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு ஆய்வைப் படிக்கிறார்கள். இதற்கு நர்சிங் ஆய்வுகளைச் சேர்த்து வைத்திருக்கிற சிக்மாவின் இணையக் களஞ்சியம்தான் எங்களுக்குக் கை கொடுக்கிறது. முன்பு வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற நர்சிங் அறிஞர் பெயரில் இருந்தது, உறுப்பினர் இல்லாதவர்களும் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் நிறுத்தித் தமிழில் பேசிக்கொள்கிறோம்.

ஒஹையோ, டயாலிசிஸ் யூனிட்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பேராசிரியரிடம் மகள் பேசிவிட்டாள், அழைப்பு அவர்கள் கிளையிலிருந்து வந்ததுதான். டெக்சஸ் சகோதரி சொன்ன கேள்விகளையும் கேட்டாள். போன மாதம்கூடக் கூட்டம் நடந்ததாம், வழிகாட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். என்னையும் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

அப்புறம் ஒரு விஷயம். எங்கள் யூனிட்டில் சில பேருக்கு ஊசியை எடுத்தபின் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைத்த ரத்தக் குழாய்) ரத்தம் நிற்க ரொம்ப நேரமாகிறது. எந்த நோயாளிக்கு எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தேன் என்று பல நாளாகவே மனக்கணக்காக வைத்திருந்தேன். நேற்று ஒரு நோட்டு வாங்கி, தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் ஆனதும் அனுப்பினால் பார்ப்பீர்களா, இண்டியானாபொலிஸ் தங்கச்சி?

இண்டியானாபொலிஸ், ஐ.சி.யூ.

அனுப்புங்க அக்கா. வியாழக்கிழமை எனக்கு ஆஃப், உட்கார்ந்து பார்க்கிறேன். எத்தனை நோயாளிகள் என்பதை மட்டும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.