சந்தை ரோட்டில் பார்க்கிங் வசூல்காரர் சாவியைப் பிடுங்கிவிட்டார்: புகாரை யாரிடம், எப்படி எழுதிக் கொடுப்பது?

வாய்க்கால்மேட்டுக்காரி:

ஈரோடு மாவட்டத்தில் ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம். சந்தை ரோட்டில் வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்க ஏலம் விட்டிருக்கிறார்கள். எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) எழுபது தாண்டிவிட்டது. இன்னும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில்தான் தேங்காயும் வாழைத்தாரும் சந்தைக்குக் கொண்டுபோவார். போன சந்தையன்று வண்டியை எடுக்கப் போனவரிடம் வசூல்காரப் பையன் 20 ரூபாய் கேட்டிருக்கிறான். போர்டில் 10 என்றுதான் இருக்கிறது. "ரசீது குடு கண்ணு" என்று இவர் கேட்டதும் சாவியை உருவிக்கொண்டு, "யோவ் பெருசு, காசை வெச்சுட்டுப் பேசு" என்றிருக்கிறான். பக்கத்து மளிகைக்கடை அண்ணன் காசு கொடுத்துச் சாவியை வாங்கித் தந்தார்.

அதிகமாக வாங்கிய பத்து ரூபாய் எனக்குப் பெரிதில்லை. எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவோம். காலம் காலமாக அந்தச் சந்தைக்குப் போகிற மனிதர், நாலு பேர் பார்க்க அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்தபடி சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார். இந்த வாரம் தேங்காயைத் தோட்டத்திலேயே வியாபாரிக்குப் போட்டுவிட்டார். விலை குறைச்சல்தான்.

கடைசியில் கொடுத்த ரசீது கையில் இருக்கிறது. ரோஸ் கலர் துண்டுச் சீட்டு. வரிசை எண் இல்லை, நகராட்சி முத்திரை இல்லை, அச்சடித்த 10 மேல் பால்பாயிண்ட் பேனாவால் 20 என்று அழுத்தி எழுதியிருக்கிறது. நகராட்சியில் கேட்டால், "அவங்க எங்க ஸ்டாஃப் இல்லைங்க, ஏலம் எடுத்தவரைப் பாருங்க" என்கிறார்கள். ஏலம் எடுத்தவரோ, பையனை வீட்டுக்கே கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்கிறார். நடுரோட்டில் நடந்ததற்கு வீட்டுத் திண்ணையில் மன்னிப்பா? எழுத்தில் பதில் வேண்டும். வழி சொல்லுங்கள்.

பழைய வருவாய்ப்பிரிவு:

அம்மிணி, நான் உள்ளாட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "எங்க ஸ்டாஃப் இல்லை" என்பதை ஏற்காதீர்கள். வசூல் உரிமையை ஏலத்தில் கொடுத்தது நகராட்சி. நான் பார்த்த ஏலங்களில் எல்லாம் கட்டணப் பலகை வைக்க வேண்டும், எண்ணிட்ட ரசீது கொடுக்க வேண்டும், நிர்ணயித்ததற்கு மேல் வாங்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். மீறினால் நோட்டீஸ் கொடுக்கவேண்டியவர் ஆணையாளர்.

மனுவை ஆணையாளர் பெயருக்கே எழுதுங்கள். "மரியாதைக் குறைவாக நடந்தார்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். தேதி, நேரம், எந்தக் கடை எதிரில், சொன்ன வார்த்தை அப்படியே, சாவியை எடுத்தது, மளிகைக்கடைக்காரர் பார்த்தது, அவ்வளவுதான். ரசீது நகலை இணையுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். நகராட்சித் தபால் பிரிவில் மனு நகலில் சீல் போட்டு வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடலாம்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஏல நிபந்தனை, ஒப்பந்தம், கட்டணத் தீர்மானம் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. அப்புறம் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் பதியலாம். எல்லாவற்றிலும் மனு எண் முக்கியம்.

நொய்யல்கரை வக்கீல்:

சாவியைப் பிடுங்க வசூல்காரருக்கு எந்த அதிகாரமும் இல்லை. தடை செய்த இடத்தில் நிற்கிற வண்டியைத் தூக்கவோ, சக்கரத்தைப் பூட்டவோ கூட மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆவது பிரிவின்படி சீருடையில் இருக்கிற போலீஸ் அதிகாரிதான் உத்தரவிட முடியும். ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு) வாங்குங்கள். ஆபாசமாகத் திட்டியிருந்தால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய தண்டனைச் சட்டம்) 296-ஆவது பிரிவு வரும். "யோவ்" மட்டும் என்றால் அந்தப் பிரிவை இழுக்காதீர்கள், மனு பலவீனமாகிவிடும்.

மளிகைக்கடையில் கேமரா இருந்தால் இன்றைக்கே காப்பி எடுங்கள். பழைய பதிவு மேல் புதுசு ஏறிவிடும்.

திருப்பூர் சரவெடி:

நான் ஒரு ஸ்டாண்டில் வசூலுக்கு நின்றவன். சாயங்காலம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஏலம் எடுத்தவர்கள் காலையிலேயே சொல்லிவிடுவார்கள். குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். ரசீதில் பேனாவால் எழுதச் சொல்வதும் அவர்கள்தான். பெரியவரிடம் அந்தப் பையன் பேசியது தப்பு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அவனை நிறுத்திவிட்டு வேறொருவனை நிறுத்தினால் அவனும் அதையேதான் செய்வான். ஏலம் எடுத்தவருக்கு நோட்டீஸ் போகிற மாதிரி எழுதுங்க அக்கா.

வாய்க்கால்மேட்டுக்காரி:

அப்படியே எழுதுகிறேன் தம்பி. கேமரா பதிவு கிடைத்துவிட்டது, சாவியை எடுப்பது தெளிவாகத் தெரிகிறது. மனு என் பெயரிலா, அப்புச்சி பெயரிலா?

பழைய வருவாய்ப்பிரிவு:

அவர் பெயரில்தான் அம்மிணி, அவர் கையெழுத்தோடு. போன் நம்பர் மட்டும் உங்களுடையது போடுங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். வாக்குமூலத்தை அவரே சொல்லட்டும்.