கண்தானப் படிவம்: வீட்டில் சொல்லாமல் கையெழுத்துப் போடலாமா?

அம்பைப் பொண்ணு:
பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம் என்பதால் வகுப்பில் உறுதிமொழிப் படிவம் கொடுத்தார்கள். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், சர்க்கரை இருந்தாலும் கொடுக்கலாம், எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் படிவம் கைக்கு வந்ததும், "வீட்ல கேட்டுட்டுப் போடுதேன்" என்று பாதிப் பேர் பைக்குள் வைத்துவிட்டோம். நானும்தான். அனாட்டமி ஹாலில் முதல் நாளே அசையாமல் நின்ற ஆள் நான். என் கண் என்று வரும்போது என்னமோ கூசுகிறது.

சனிக்கிழமை ஊருக்குப் போய் ஆச்சியிடம் சொன்னேன். "ஏட்டி, கண்ணத் தோண்டிக் குடுத்துட்டு மேல போனா ஒங்க தாத்தாவ எப்படி அடையாளம் காணுவேன்?" என்றாள். நான் கேட்டது என் கண்ணைப் பற்றி! கண்ணப்ப நாயனாரை இழுத்துப் பார்த்தேன். "அவரு சாமிக்குல்லா குடுத்தாரு" என்று முடித்துவிட்டாள்.

பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடவா?

வார்டு அக்கா:
போடு, ஆனா சொல்லாமல் போட்டால் பிரயோஜனமில்லை. கடைசியில் சம்மதம் கேட்பது வீட்டு ஆட்களிடம்தான். உன் படிவம் பீரோவில் கிடக்கும், ஆச்சி வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
எங்கப்பா படிவமே எழுதவில்லை, "எடுத்துக்கிடட்டும்" என்று ஒருதடவை சொல்லியிருந்தார், அவ்வளவுதான். போன தையில் தவறினார். சென்னையிலிருந்து தம்பி வரட்டும் என்று இரண்டு மணி நேரம் வீணாக்கிவிட்டேன், அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். கண் வங்கிக்காரர்கள் போனில் சொன்னபடி ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்தோம். வந்தவர்களுக்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் செய்த கண்தான், அதையும் எடுத்துக்கொண்டார்கள். கேதத்துக்கு வந்த சித்தி முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "தூங்குத மாதிரில்லா இருக்காவ" என்றாள்.

ஹவுஸ் சர்ஜன்:
கண்தானத்தில் அடுத்தவருக்கு வைக்கிற கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். "எவரு கண்ணோ எவருக்கோ எப்படி ஒத்துக்கிடும்?" என்று அம்மா கேட்டபோது, அதனால்தாம்மா ரத்தப் பிரிவுகூடப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பரீட்சைக்குப் படித்தது வீட்டு அடுப்படிக்கு வந்து சேர ஐந்து வருஷம் ஆகிறது, என்ன செய்ய.

அம்பைப் பொண்ணு:
நேற்று ராத்திரி ஆச்சிக்குப் போன் போட்டேன். இப்போ முழுக் கண்ணையும் எடுக்கிறதில்லை ஆச்சி, பெரும்பாலும் முன்னால் இருக்கிற கருவிழிச் சவ்வை மட்டும்தான் எடுப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆபரேசன்ல வச்ச லென்சு?" என்றாள். அது உள்ளேதான் இருக்கும் என்றேன்.

"அப்ப சரி. அது துட்டு குடுத்து வச்சதுல்லா."